சிறுவயதில் தொட்ட கணினியும் பிறகு அமையும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரோகிராமிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களோடு பேசும்போது பாடத்தைப் பற்றிய சந்தேகங்களைவிட அதிகமாக வருவது வேறு வகைக் கேள்விகள். "நான் தாமதமாக ஆரம்பித்துவிட்டேனா?" "என் பிள்ளை எந்நேரமும் கேம் ஆடுகிறான், இது எங்கே கொண்டுபோய் விடும்?" "சின்ன வயதிலிருந்தே எனக்குக் கணினி பிடிக்கும், ஆனால் எந்த வேலைக்குப் போவது?" இப்படி அடிக்கடி வருகிறவற்றுக்கு என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

சின்ன வயதில் கணினியோடு பழகியது ஒருவருடைய வேலையைத் தீர்மானித்துவிடுமா?

தீர்மானிக்காது. ஆனால் ஒரு பக்கமாகச் சாய்க்கும், அந்தச் சாய்வு பல வருடங்களுக்கு இருக்கும்.

முதல் பழக்கத்தால் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிவு இல்லை. பத்து வயதில் கற்ற கட்டளைகள் இருபது வயதில் வழக்கொழிந்து போயிருக்கும். மிஞ்சுவது துணிச்சல்: திரையில் பிழைச் செய்தி வந்தால் பதறாமல் அதைப் படித்துப் பார்க்கிற பழக்கம். அதோடு ஒரு ருசியும் தங்கிவிடும், எந்த மாதிரி வேலையில் நேரம் போவதே தெரியாமல் உட்கார முடிகிறது என்கிற ருசி. இன்னொன்று, தன்னைப் பற்றிய எண்ணம். "இது என்னால் முடிகிற காரியம்" என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், பிறகு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நினைப்புதான் முன்னால் வந்து நிற்கும்.

லினஸ் டோர்வால்ட்ஸின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய தாத்தா லியோ டோர்ன்க்விஸ்ட் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர். 1981 வாக்கில் அவர் கொமடோர் விக்-20 என்ற வீட்டுக் கணினி ஒன்றை வாங்கினார். புரோகிராமைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பேரனை டைப் செய்யச் சொன்னார். பேரனுக்கு அப்போது வயது 11 இருக்கும். பிறகு அந்தப் பையன் கூட வந்த கையேட்டைப் பார்த்துத் தானே எழுத ஆரம்பித்தான். 1991இல் அவர் உருவாக்கிய, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் வெளிவந்தது. இந்தக் கதையில் எல்லோரும் இயந்திரத்தைத்தான் கவனிக்கிறார்கள். என் கவனம் தாத்தாவின் மேல் போகிறது. தன் வேலையில் ஒரு பகுதியை நம்பிக்கையோடு ஒரு சிறுவனின் கையில் கொடுத்தாரே, அது சாதாரண விஷயமில்லை.

எந்த மாதிரி அனுபவம் ஆழமாகப் பதிகிறது?

நாம் ஒன்றைச் சொல்ல, இயந்திரம் அதைச் செய்து காட்டுகிற அனுபவம். திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும், "இதை நான் மாற்றினேன், அது மாறியது" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சீமோர் பேப்பர்ட், வாலி ஃபர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் 1967இல் லோகோ என்ற புரோகிராமிங் மொழியை உருவாக்கியபோது இந்த எண்ணம்தான் நடுவில் இருந்தது. கணினி குழந்தைக்குப் பாடம் நடத்துவது இருக்கட்டும், குழந்தை கணினிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார் பேப்பர்ட். ஆமை வடிவில் இருந்த ஒரு சின்ன ரோபோவை முன்னே போகவும் திரும்பவும் சொல்லிக் குழந்தைகள் சதுரம் வரைந்தார்கள். சதுரம் கோணலாக வந்தால் யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. எங்கே தவறியது என்று தேடிப் பார்த்தார்கள். தொழிலாகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கச் செய்வதும் அந்தத் தேடல்தான்.

1980களின் தொடக்கத்தில் வந்த வீட்டுக் கணினிகளுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. பிபிசி மைக்ரோவோ இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமோ, சுவிட்சைப் போட்டதும் பேசிக் என்ற எளிய புரோகிராமிங் மொழியில் கட்டளை எழுதக் காத்திருக்கும். கேம் ஆட வேண்டுமானாலும் ஒரு கட்டளை அடித்தாக வேண்டும். கதவு திறந்தே இருந்தது. பிற்பாடு வந்த கணினிகள் அழகான திரைக்குப் பின்னால் அந்தக் கதவை மறைத்துவிட்டன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கையும் கைப்பழக்கமும் குறைந்து வருவதை ஈபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் 2000களின் நடுவில் கவனித்தார்கள். பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க மலிவான இயந்திரம் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்று நினைத்தார்கள். 2012 பிப்ரவரியில் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற மலிவான சின்னக் கணினி அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான்.

நான் கேம் மட்டும்தான் ஆடினேன். அது கணக்கில் வருமா?

ஆடிய நேரம் வராது. ஆட்டத்துக்குள் எட்டிப் பார்த்த நேரம் வரும்.

டெமிஸ் ஹசாபிஸ் சிறுவனாக இருந்தபோது சதுரங்கப் போட்டிகளில் வென்ற பணத்தில் ஒரு ஸ்பெக்ட்ரம் கணினி வாங்கினார். பதின்ம வயதிலேயே ஒரு கேம் நிறுவனத்தில் சேர்ந்து தீம் பார்க் என்ற விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரானார். பிறகு நரம்பியலில் முனைவர் பட்டம், 2010இல் டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம், 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு. கேம் ஆடினால் நோபல் கிடைக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எதிராளியாக வருகிற பாத்திரம் எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி வெகுதூரம் துணை வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களையே கேட்டுப் பாருங்கள். புதிய நிலைகளை வடிவமைத்தீர்களா? ஃபைல்களைத் திறந்து எண்களை மாற்றிப் பார்த்தீர்களா? நண்பர்களுக்காக சர்வர் நடத்தி, சண்டை வந்தால் தீர்த்து வைத்தீர்களா? மற்றவர்கள் படிக்கக் குறிப்பு எழுதினீர்களா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், அது ஒரு வேலையின் சின்ன வடிவம்.

எங்கள் வீட்டில் கணினி கிடையாது. கல்லூரிக்கு வந்துதான் முதன்முதலில் தொட்டேன். இனி எட்டிப் பிடிக்க முடியுமா?

முடியும். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பாதி மனம் தளர்ந்துபோய்த்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டொனால்டு குனூத் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் ஐபிஎம் 650 என்ற கணினியைப் பார்த்தார். படிக்க வந்தது இயற்பியல். கணினி அறிவியலின் அடிப்படை நூல்களில் ஒன்றாக மதிக்கப்படும் தன் நூல்வரிசையை அந்த இயந்திரத்துக்கே அவர் சமர்ப்பணம் செய்திருக்கிறார். பார்பரா லிஸ்கோவ் கணிதத்தில் பட்டம் முடித்து 1961இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குப் புரோகிராமிங் தெரியாது, வேலையில்தான் கற்றார். கணினித் துறையின் உயர்ந்த விருதான டூரிங் விருது 2008ஆம் ஆண்டுக்காக அவருக்குக் கிடைத்தது. மார்கரெட் ஹாமில்டனும் கணிதம் படித்தவர்தான். 1959இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வானிலை ஆய்வுக்காகப் புரோகிராம் எழுத ஆரம்பித்தார். பத்தே ஆண்டுகளில், நிலவுக்குப் போன அப்போலோ கலத்தின் சாஃப்ட்வேரை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். நாசாவில் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த டோரதி வான், கணினிகள் வரப்போவதைப் பார்த்து நடுவயதில் ஃபோர்ட்ரான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றார். தன்னோடு வேலை செய்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

சரி, அந்தக் காலத்தில் யார் வீட்டிலும் கணினி இல்லை, எல்லோருமே தாமதமாகத்தான் ஆரம்பித்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான வாதம். இன்று பக்கத்து இருக்கையில் இருப்பவர் பன்னிரண்டு வயதிலிருந்து புரோகிராம் எழுதுகிறவராக இருப்பார். உண்மையான சிரமமும் அங்கேதான் இருக்கிறது. பாடத்தைவிட அந்த ஒப்பீடுதான் ஆளைச் சாய்க்கிறது.

கணினி அறிஞர் ரேடியா பெர்ல்மன் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மாணவியாக ஒரு புரோகிராமிங் வகுப்புக்குப் போனபோது, மற்றவர்கள் சின்ன வயதிலேயே ரேடியோ செய்த கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் பயன்படுத்திய சொற்களே அவருக்குப் புரியவில்லை, இவர்களை எட்டவே முடியாது என்று தோன்றியதாம். அந்த வகுப்பிலிருந்து அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதே பெர்ல்மன்தான் பிறகு எம்ஐடியில், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளும் புரோகிராம் செய்யக்கூடிய கருவியை வடிவமைத்தார். 1980களில் அவர் உருவாக்கிய, தகவல் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்பேனிங் ட்ரீ முறை நெட்வொர்க்குகளின் அடித்தளத்தில் இடம் பிடித்தது.

முன்கூட்டி ஆரம்பித்தவரிடம் கூடுதலாக இருப்பது என்ன? சில சொற்கள், விரல் பழக்கம், பிழைச் செய்தியைப் பார்த்து மிரளாத மனம். தினமும் கொஞ்சமாவது எழுதினால் முதல் இரண்டும் சில மாதங்களில் வந்துவிடும். மூன்றாவது வர இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதல் வருடம் அவர் வேகமாகத் தெரிவார். அதற்கப்புறம் வருகிற அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிமுறை), தரவுத்தளம், குழுவாக வேலை செய்வது போன்றவை பெரும்பாலும் இரண்டு பேருக்கும் புதியவை.

பெண்களுக்கு இதில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. திறமையில் கிடையாது, யாருக்கு முதலில் வாய்ப்புக் கிடைத்தது என்பதில். அமெரிக்காவில் 1980களின் நடுவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் வாங்கியவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள். பிறகு அது பாதியளவுக்குச் சரிந்தது. வீட்டுக் கணினிகள் பரவிய காலமும் அதுதான். அவை பெரிதும் பையன்களுக்கான பொருளாக விளம்பரமாயின. ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 1990களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரிடம் பேசிப் பார்த்தார்கள். ஒரே வீட்டிலேயே கணினி பையனின் அறைக்குப் போனதும், பெண் எட்டி நின்று பார்த்ததும் மீண்டும் மீண்டும் வந்தது. வகுப்பில் தயங்கிய பெண்கள் பலர் தங்களுக்கு மூளை போதாது என்று நினைத்தார்கள். போதாமல் இருந்தது பழகிய நேரம்தான்.

அந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கையில் முன் அனுபவத்துக்குத் தந்த முக்கியத்துவத்தைக் குறைத்தது, அனுபவத்துக்கு ஏற்றபடி தனித்தனி தொடக்க வகுப்புகளை அமைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்களின் பங்கு 1995இல் 7 சதவீதமாக இருந்தது, 2000இல் 42 சதவீதமானது. ஹார்வி மட் கல்லூரியும் பிற்பாடு முதல் வகுப்பை இப்படிப் பிரித்து நல்ல பலன் கண்டது. ஐந்து வருடத்தில் யாருடைய மூளையும் மாறவில்லை. வாசலில் இருந்த படி மட்டும் இறங்கியது. வீட்டில் அண்ணன் தங்கை இருந்தால் கணினியைப் பொது இடத்தில் வைத்து நேரத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். பெற்றோரிடம் நான் அழுத்திக் கேட்டுக்கொள்வது இதுதான்.

பிள்ளைக்கு எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

வயதைத் துரத்த வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த குழந்தைக்கு ஸ்க்ராட்ச் என்ற புரோகிராமிங் கருவி போதும். 2007இல் எம்ஐடி மீடியா லேபிலிருந்து வந்தது, இலவசம், கட்டங்களை அடுக்கியே கதையும் விளையாட்டும் செய்யலாம். உடைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய கணினி கிடைத்தால் அதைக் கொடுங்கள். குடும்பப் படங்களையும் முக்கிய ஃபைல்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டால் நீங்களும் நிம்மதியாக இருக்கலாம்.

அப்புறம், பிள்ளை திணறும்போது மவுஸை வாங்கி நீங்களே செய்துவிடாதீர்கள். "என்ன நடக்கும்னு நினைச்சே, என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வி வேலை செய்யும்.

போன் மட்டும்தான் இருக்கிறது. அது போதாதா?

தொடங்கப் போதும். படம் எடுக்க, வீடியோ வெட்ட, பாட்டுக்கு மெட்டுப் போட, எழுத எல்லாவற்றுக்கும் போன் நல்ல கருவி. அதிலிருந்தே தொழில் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஃபைல் எங்கே இருக்கிறது, ஃபோல்டர் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, ஒரு புரோகிராம் எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் போன் மறைத்தே வைக்கும். நூலகத்திலோ பள்ளியிலோ வாரம் ஒருமுறையாவது கீபோர்டு உள்ள கணினியில் உட்கார வாய்ப்பிருந்தால் விடாதீர்கள்.

எனக்கு முதல் அனுபவமே கசப்பு. "தொடாதே, கெட்டுப்போகும்" என்றார்கள். இன்னும் தயக்கமாக இருக்கிறது.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். பாகங்களின் பெயரை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்ததும், ஒரு கணினியைப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்ததும், தப்பான பொத்தானை அழுத்தி எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியதும் பலருடைய முதல் கணினி வகுப்பு. அவர்கள் பிற்பாடு "எனக்கும் கணினிக்கும் ஒத்துவராது" என்கிறார்கள். அவர்களுக்கு ஒத்துவராமல் போனது கணினி இல்லை, அந்த வகுப்பு.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. யாரும் பார்க்காத இடத்தில், நீங்களே தினம் செய்கிற ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கை எக்செலில் போடுவது, நூறு படங்களின் பெயரை ஒரே தடவையில் மாற்றுவது போல ஏதாவது. வேண்டுமென்றே தப்பாகவும் செய்து பாருங்கள். கட்டளையைப் பிழையாக எழுதி என்ன செய்தி வருகிறது என்று படியுங்கள். ஒரு நகல் வைத்துக்கொண்டு வேலை செய்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பயம் பேச்சில் போகாது, கை பழகினால்தான் போகும்.

சின்ன வயது ஆர்வத்தை வைத்து எனக்கான வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

"கணினி பிடிக்கும்" என்பது மிகப் பெரிய வட்டம். அதற்குள் எந்த நிமிடம் பிடித்தது என்று தேடுங்கள். கழற்றி மாட்டியது பிடித்ததா? ஹார்டுவேர், நெட்வொர்க் பக்கம் பாருங்கள். பாடல்களைப் பெயர், வருடம், இசையமைப்பாளர் என்று பட்டியலிட்டு அடுக்கியவரா? தரவுப் பணி உங்களுக்கு ஒத்துவரும். கணினியின் பெயிண்ட் புரோகிராமில் மணிக்கணக்கில் வரைந்தவருக்கு வடிவமைப்பு இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தால், தொழில்நுட்ப உதவி, பயிற்சி, கையேடு எழுதுதல் எல்லாம் மதிப்புள்ள தொழில்கள். அவற்றுக்கு ஆள் கிடைப்பது எளிதில்லை.

எதையாவது உடைத்துப் பார்ப்பதில் ருசி கண்டவர்களுக்குச் சோதனையும் பாதுகாப்பும் உண்டு. பில் கேட்ஸும் பால் ஆலனும் பள்ளி மாணவர்களாக இருந்தபோது ஒரு நிறுவனத்தின் கணினியில் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்லி, அதற்குப் பதிலாக இலவசமாகக் கணினி நேரம் பெற்றார்கள். அதற்கும் முன்னால் ஒரு வாய்ப்பு இருந்தது. அவர்களுடைய பள்ளியில் தாய்மார்கள் சங்கம் பழைய பொருட்களை விற்றுச் சேர்த்த பணத்தில் 1968இல், தொலைவில் இருந்த கணினியோடு இணைந்த ஒரு டெலிடைப் முனையம் வந்தது. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டும் இல்லை என்று கேட்ஸே சொல்லியிருக்கிறார். வாய்ப்பு கிடைத்தவர் அதை ஒப்புக்கொள்வது நல்ல பண்பு. கிடைக்காதவர் தன்னைக் குறைத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

வேறு துறைக்குப் போனால் இந்தப் பழக்கம் வீணா?

வீணாகாது. டிம் பெர்னர்ஸ்-லீயின் பெற்றோர் இருவரும் ஃபெரான்டி மார்க் 1 கணினியில் வேலை செய்தவர்கள். அவர் படித்தது இயற்பியல். ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் தகவல்கள் ஆளுக்கொரு கணினியில் சிதறிக் கிடந்த தொல்லையைப் பார்த்து 1989இல் வைய விரிவு வலையை (WWW) முன்மொழிந்தார். துறை ஒன்றையும் நன்றாகத் தெரிந்துகொண்டு, கணினியை வளைக்கவும் தெரிந்தவருக்கு எங்கும் மதிப்பு இருக்கும்.

சின்ன வயதிலிருந்து புரோகிராம் எழுதுகிறேன். இப்போது வகுப்பு சலிப்பாக இருக்கிறது.

தானாகக் கற்றவர்களுக்குப் புரோகிராமை ஓட்டிக் காட்டத் தெரியும். மற்றவர் எழுதியதைப் படிப்பது, தன்னுடையதை மற்றவர் படிக்கும்படி எழுதுவது, எழுதியது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதுவது ஆகியவை பெரும்பாலும் பழகியிருக்காது. யாரும் படித்துத் திருத்தக்கூடிய ஒரு திறந்த மூல மென்பொருளை எடுத்து அதில் ஒரு சின்னப் பிழையைத் திருத்த முயன்று பாருங்கள். சலிப்பு போய்விடும்.

இப்போது ஏஐ கருவிகளே புரோகிராம் எழுதுகின்றன. பிள்ளைகள் இன்னும் இப்படிக் கஷ்டப்பட வேண்டுமா?

என் கருத்து, ஆரம்பத்தில் வேண்டும். கேட்டவுடன் முழு விடையும் வந்துவிட்டால், கோணலாக வந்த சதுரத்தை நேராக்குகிற அந்த அரைமணி நேரம் போய்விடும். துணிச்சல் வளர்கிற இடமே அதுதான். கருவியைத் தடுக்கச் சொல்லவில்லை. முதலில் தானே முயலட்டும், முட்டி நின்ற இடத்தில் விளக்கம் கேட்கட்டும். வந்த விடையில் ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு ஓட்டட்டும். அது எழுதியதில் பிழை கண்டுபிடிக்கிற பிள்ளை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

இன்டர்வியூவில் சிறுவயது அனுபவத்தைச் சொல்லலாமா?

சொல்லலாம், சுருக்கமாக. "ஏழு வயதிலிருந்தே எனக்கு ஆர்வம்" என்று சொன்னால் கேட்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. "பள்ளியில் நண்பர்களுக்காகத் தேர்வு மதிப்பெண் கணக்கிடும் புரோகிராம் எழுதினேன், பின்னங்களில் தப்பாக வந்தது, காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது" என்றால் அடுத்த கேள்வியை அவரே கேட்பார். அந்தப் பழைய அனுபவத்தை அண்மையில் செய்த ஒரு வேலையோடு இணைத்து முடித்துவிடுங்கள். சிறுவயதுக் கதை எதுவும் இல்லாதவர்கள் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. போன மாதம் செய்த வேலையை இதே விவரத்தோடு சொன்னால் போதும்.